‘வந்துட்டானா?’ என்று கேட்காதவன்

போன வாரம் உங்கள் சீரியலின் கதை அறைக்கு என்னைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, சுவர் முழுக்க ஒட்டியிருந்த சீட்டுகளைக் காட்டினீர்கள். மஞ்சள் சீட்டு சந்தேகமாம், சிவப்புச் சீட்டு திருப்பமாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. “சரி, கொலைகாரன் யாரு?” என்று நான் கேட்டதும் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். “அத இன்னும் முடிவு பண்ணல சார். எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு யாரையாவது ஆக்கிடலாம்” என்றது கண்ணாடி போட்ட பெண்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு, கிழவன் கோபித்துக்கொண்டு போவதில் என்ன பெருமை, காரணத்தையாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். கேமரா கோணம், வசனம் பிரிப்பது, விளம்பர இடைவேளைக்கு முன்னால் கதவைத் தட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஒரு முடிவை எழுதியதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேறு பெருமை எதுவும் என்னிடம் இல்லை.

எண்பதுகளின் கடைசி. அப்போது டிவியில் ஒரே சேனல். வாரம் ஒருநாள், சாயங்காலம் அரை மணி நேரம், மொத்தம் பதின்மூன்று வாரம் என்று அனுமதி தருவார்கள். அதற்குள் ஆரம்பித்து, சந்தேகப்பட்டு, கண்டுபிடித்து, வணக்கம் போட்டுவிட வேண்டும். நான் அம்பத்தூரில் குடியிருந்தேன். எங்கள் டைரக்டர் நாடகத்திலிருந்து வந்தவர். பழுத்த மெட்ராஸ் பாஷை, வாய் நிறையப் பாக்கு. சிறியவர் பெரியவர் எல்லோரும் அவருக்கு ‘நைனா’தான், எங்களுக்கு அவரும் ‘நைனா’தான். எனக்கு இந்தத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்கிற ரகம்.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தோம். ஆவடி முழுக்கத் தொழிற்சாலைகள். ஷிப்டு மாறும் சங்கு ஊதினால் வசனம் போச்சு. சங்கு நின்றால் வீட்டுக்காரரின் ஆடு கத்தும். டைரக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சங்கையும் கதைல சேத்துடு நைனா, எப்படியும் ஊதத்தான் போவுது” என்றார். சேர்த்தேன்.

கதை இதுதான். சேகர் என்ற தொழிலாளி ஒருநாள் காலை ஷிப்டுக்கென்று சைக்கிளில் கிளம்புகிறான். சங்கு ஊதுகிறது. அவன் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் அவன் அம்மாவும் மனைவியும். ராத்திரி சாப்பாட்டு வேளையில் அந்த அம்மா பிள்ளையின் தட்டைக் கழுவிப் போட்டு, சோறு வைத்து மூடிவைப்பாள். ஒவ்வொரு வாரமும் அந்தத் தட்டு வரும். போலீஸ் அதிகாரி ஒருவர் விசாரிப்பார். அண்டை வீட்டுக்காரன், மச்சினன், ஃபோர்மேன் என்று ஆள் மாற்றி ஆள் சந்தேகம் போகும். உண்மையில் சேகர் கிளம்பிய அன்றைக்கே ஏரிக்கரையில் செத்துப்போனான். கொன்றவன் அவனுடைய நண்பன். வாராவாரம் வந்து, “கவலைப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்” என்று ஆறுதல் சொல்லிப் போகிறானே, அவன்தான்.

இதற்குத் தடயம் ஒன்று வைத்திருந்தோம். அந்த வீட்டுக்குள் யார் வந்தாலும், பால்காரர் உட்பட, முதல் வார்த்தையாக “வந்துட்டானாம்மா?” என்றுதான் கேட்பார்கள். நண்பன் மட்டும் பதின்மூன்று வாரமும் கேட்க மாட்டான். கேட்க அவனுக்கு என்ன இருக்கிறது? அவனுக்குத்தான் தெரியுமே. ரத்தம், கைரேகை, கிழிந்த சட்டை எதுவும் இல்லை. கேட்காத ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

டைரக்டருக்கும் எனக்கும் தவிர இது யாருக்கும் தெரியாது. நடிக்கிறவருக்கே சொல்லவில்லை. அவர் பூந்தமல்லிப் பக்கம் பேங்க் கிளார்க், சபா நாடகங்களில் நடித்தவர், நல்ல மனிதர். முதல் நாளே, “சார், உள்ள வந்ததும் ‘வந்துட்டானாம்மா’ன்னு கேக்கட்டுமா? இயல்பா இருக்குமே” என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எழுதினத மட்டும் பேசு நைனா, சொந்தச் சரக்கு வேணாம்” என்று டைரக்டர் அதட்டியதில் மனிதர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தொடர் பிடித்துக்கொண்டது. ஆவடி ரயிலில் ஏறினால் எதிர் சீட்டில் சேகரைப் பற்றித்தான் பேச்சு. டீக்கடையில் பந்தயம் கட்டுகிறார்கள். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாத்தே, எனக்கு மட்டும் சொல்லு, அந்த ஃபோர்மேன்தானே? மூஞ்சியே சரியில்ல” என்று அம்பத்தூர் வரை விடவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பத்து வாரம் ஒளிபரப்பாகிவிட்டது. கடைசி மூன்றை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஒருநாள் காலையில் டைரக்டர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“நைனா, இன்னும் பதிமூணு வாரம் தர்றேன்றாங்க. ஸ்பான்சரும் சரின்ட்டான். சேகர் சாவல. கடைசி வாரம் அந்தம்மா தட்டு வைக்குது, கதவு தட்டற சத்தம், தொறந்தா சேகரு. எங்க இருந்தான், இன்னா ஆனான்னு இன்னொரு பதிமூணு வாரம் ஓட்டலாம். இன்னா சொல்ற?”

உங்களிடம் ஒளிப்பானேன்? முதலில் எனக்கும் இனித்தது. இன்னும் பதின்மூன்று வாரம் வேலை. ரயிலில் இன்னும் பதின்மூன்று வாரம் மரியாதை. “யோசிக்கிறேன் நைனா” என்றேன்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு வேளையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நடிகர்களைத் தேடுவார்கள். இவர் நேராக வந்து, “கதை எழுதறவரு யாரு?” என்றார்.

“நான்தாம்மா. என்ன விஷயம்?”

“எங்க கதைய உங்களுக்கு யாரு சொன்னது?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பெயர் வசந்தா. பிறந்த ஊர் வெள்ளானூர். இப்போது தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் மாமியாரோடு இருக்கிறார். “என் ஊட்டுக்காரரு காலைல மொதோ ஷிப்டுக்குன்னு சைக்கிள எடுத்துகினு போனாரு. மூணு வருசம் ஆவுது. போனவரு போனவருதான்” என்றார்.

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். “சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நான் இருக்கறது அம்பத்தூர்ல. இது நானா கற்பனை பண்ணி எழுதினது.”

“நானும் அதான் சொன்னேன். எங்க அத்தைதான் கேக்க மாட்டேங்கறாங்க. நியூஸ் வர்ற பொட்டிலதானே இதுவும் வருது, விசாரிக்காம போடுவாங்களா, அவங்களுக்கு என் புள்ள எங்க கீறான்னு தெரியும், வாரவாரம் கொஞ்சங்கொஞ்சமா சொல்லிகினு வர்றாங்க, போய்க் கேட்டுகினு வாடின்னு தொரத்தி உட்டாங்க.”

சிரிக்கவா முடியும்? அந்தம்மாவுக்குப் படிப்பில்லை. ஆனால் அவர் நம்பியதில் என்ன தப்பு? அதே பெட்டியில்தான் மழை வரும் என்று சொல்கிறார்கள், மழை வருகிறது.

அப்புறம்தான் வசந்தா வந்த காரியத்தைச் சொன்னார். “குவார்ட்டர்ஸு அவரு பேர்ல கீது. ஆபீசர்ங்க நல்லவங்க, இவ்ளோ நாளு உட்டு வச்சாங்க. இப்போ எனக்கே வேலை போட்டுத் தர்றேன்றாங்க, ஊடும் கையவுட்டுப் போவாது. ஆனா நானும் அத்தையும் சேர்ந்து போயி, ஆளு இனிமே வர மாட்டாருன்னு எழுதிக் குடுக்கணும். என் வாயால என் புள்ளய சாவடிப்பனான்னு அவங்க ஒரே அழுகை. எவ்ளோ சொல்லியும் கேக்கல. இப்போ இன்னா சொல்றாங்கன்னா, டிவில முடிவு தெரியட்டும், அப்பால பாத்துக்கலாம்னு. ஆபீஸ்ல இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் டைம். இன்னும் மூணு வாரத்துல முடிஞ்சுடும்ல சார்?”

காலையில்தான் டைரக்டர் இன்னொரு பதின்மூன்று வாரம் என்று சொல்லியிருக்கிறார். 

“முடிவு இன்னான்னு சொல்லாதீங்க. என் மூஞ்சிய பாத்தே அத்தை கண்டுபுடிச்சுடுவாங்க. ஒண்ணே ஒண்ணு சார். யாரு கொன்னான்னு சொல்லிட்டு டக்குனு முடிச்சுடாதீங்க. அது தெரிஞ்ச மறுநாளு காலைல அந்த ரெண்டு பொம்பளைங்களும் எய்ந்து இன்னா பண்ணாங்கன்னு காட்டுங்க. எனக்கு அதான் தெரியல.”

சொல்லிவிட்டு விடுவிடு என்று போய்விட்டார். எத்தனையோ கொலைக்கதைகள் படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். மறுநாள் காலையைப் பற்றி ஒருவரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. கைவிலங்கு மாட்டினால் படம் முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் டைரக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார். “பாவம்தான். அதுக்காக ஒரு ஊட்டுக்கு மட்டும் கதை எழுத முடியுமா? நாளைக்கு இன்னொருத்தி வந்து என் புருசன் திரும்பி வரணும்னு அழுவா. அவளுக்கு இன்னா பண்ணுவே? நம்ம யூனிட்ல இத்தினி பேரு கீறாங்களே, அவங்க சோத்துக்கு இன்னா பண்றது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றும் சொல்கிறேன், நியாயம்தான். ஒருவர் கண்ணீருக்காக முடிவை மாற்றினால், அடுத்தவர் கைதட்டலுக்காகவும் மாற்றுவோம். வசந்தாவை வைத்து வாதாடினால் ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் கூடாது என்று புரிந்தது.  அப்புறம் கேட்டேன்.

“சேகர் உயிரோட இருந்தா, அந்த நண்பன் ஏன் நைனா ஒருவாட்டிகூட ‘வந்துட்டானா’ன்னு கேக்கல?”

டைரக்டர் மெல்லுவதை நிறுத்தினார்.

“மொதோ வாரம் சொன்னத நீ மறந்தாலும் ஜனங்க மறக்க மாட்டாங்கன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? மொதோ வாரத்துலயே சேகர் செத்துட்டான்னு சொல்லிட்டோம். வாயால சொல்லல, அவ்ளோதான். இப்ப கதவத் தட்ட வச்சா, பத்து வாரமா நாம பாத்துப் பாத்து எழுதினதெல்லாம் பொய்யின்னு ஆயிடும். ‘கேக்கட்டுமா’ன்னதுக்கு அதட்டினோமே, அந்த பேங்க் கிளார்க்கு முன்னாடி என்னால நிக்க முடியாது.”

வெளியே சங்கு ஊதியது.  அவர் எழுந்து போய்ப் பாக்கைத் துப்பிவிட்டு வந்தார்.

“ரொம்ப பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ. சரி, செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். ஆனா கொலைகாரன இட்டுகினு போறதோட முடிச்சா சப்புனு பூடும். அதுக்கு மேல ஒரு சீன் குடு.”

மறுநாள் காலை என்ற காட்சியை எழுதினேன். அதில் வசனம் கிட்டத்தட்ட கிடையாது. அந்த அம்மா எழுந்திருக்கிறாள். சேகரின் தட்டை எடுக்கிறாள். உள்ளே வைத்துவிடுவாள், அல்லது கட்டிக்கொண்டு அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில், அதைக் கழுவி, சோறு போட்டு, மூலையில் உட்கார்ந்திருக்கும் மருமகள் முன்னால் வைக்கிறாள். சங்கு ஊதுகிறது. “சாப்பிடு” என்கிறாள். அதோடு முடிவு.

ஸ்பான்சர் கோபித்துக்கொண்டார். அடுத்த தொடர் கிடைக்கப் பல மாதம் ஆனது. யூனிட்டில் சிலர் என்னை முறைத்தார்கள். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சரியான முடிவு எழுதினால் மாலை போடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசி வாரம். வசந்தா ஆள் அனுப்பியிருந்தார். ‘கதை எழுதறவர இங்க வந்து பாக்கச் சொல்லு’ என்று மாமியார் உத்தரவாம். தப்பித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். டைரக்டர், “எழுதத் தெரிஞ்சுதுல்ல, போய் உக்காரு” என்று விரட்டிவிட்டார்.

குவார்ட்டர்ஸில் அந்த வீட்டு முன்னறை முழுக்க ஜனம். மதுரைக்காரர், திருநெல்வேலிக்காரர், சேலத்துக்காரர் என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே நுழையும்போது, “ஏதாச்சும் தகவல் உண்டாம்மா?” “மகன் வந்துட்டாராம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷமாகக் கேட்டுப் பழகிவிட்டது போல. கதைக்காக நான் கண்டுபிடித்த தடயம் என்று நினைத்தேனே, அது இந்த வீட்டில் தினமும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பு கூசியது. அந்தம்மா என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மெலிந்த உருவம், கூர்மையான கண். வசந்தா சமையலறை வாசலில் நின்றார்.

நண்பன்தான் கொலைகாரன் என்று தெரிந்ததும் அறையே ‘அய்யய்யோ’ என்றது. “ஃபோர்மேன்னுல்ல நெனச்சேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார் மதுரைக்காரர். அந்தம்மா மட்டும் அசையவில்லை.

“எனக்கு மொதல்லயே தெரியும்” என்றார். “அவன் ஒரு தபாகூட புள்ள வந்துட்டானான்னு கேக்கல. அப்பவே அந்த சேகரு பூட்டான்னு தெரிஞ்சுபோச்சு.”

அப்புறம் மறுநாள் காலை வந்தது. தட்டு, சோறு, சங்கு, “சாப்பிடு.” பெயர்கள் ஓடின. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்தம்மாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. வசந்தா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

“டிவில வர்ற அந்தம்மாவுக்கு தெரிஞ்சுபோச்சு” என்றார் மாமியார், நிதானமாக. “எனக்கு இன்னும் தெரியல. இந்த ஊட்டுக்கு வர்றவங்க எல்லாரும் வந்துட்டானான்னுதான் கேக்கறாங்க. கேக்காதவன்னு ஒருத்தனும் இல்ல. அப்போ என் புள்ளய யாரும் ஒண்ணும் பண்ணல. எங்கியோ கீறான்.”

 போச்சு, எல்லாம் போச்சு. நான் பிடிவாதம் பிடித்துக் காப்பாற்றிய தடயமே இந்தப் பெண்ணின் வேலைக்கும் வீட்டுக்கும் உலை வைத்துவிட்டது என்று நினைத்தேன். வசந்தா அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். சமையலறைக்குள் போனார். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் சோறு. மருமகள் முன்னால் வைத்தார்.

“வர்றவன் இந்த ஊட்டுக்குதாண்டி வருவான். ஊடே இல்லன்னா எங்கன்னு போயித் தேடுவான்? ஆபீசுக்கு எழுதிக் குடுக்கறது ஆபீசுக்குத்தான். எனக்கு இல்ல. இன்னா கிழமை போவணும்னு சொல்லு, நான் வர்றேன். இப்போ துன்னு. வேலைக்குப் போறவ இப்படியா எலும்பும் தோலுமா கெடப்ப?”

வசந்தா வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே சாப்பிட்டார். சேலத்துக்காரர் வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நான் எழுதிய முடிவை அந்தம்மா அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தனக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளும்படி உறுதியாக ஏதோ அங்கே இருந்தது, அவ்வளவுதான் நான் செய்தது. கதவு தட்டும் சத்தத்தோடு விட்டிருந்தால் அவரும் கதவைப் பார்த்தபடி இன்னொரு பதின்மூன்று வாரம் உட்கார்ந்திருப்பார், மாதமும் முடிந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன். எத்தனை வாரம் வேண்டுமானாலும் இழுங்கள். ஆனால் செத்தவன் யார், கொன்றவன் யார் என்று உங்களுக்காவது முதல் நாளே தெரிந்திருக்கட்டும். கண்ணாடி போட்ட பெண்ணே, உன்னைத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

வசந்தா வேலைக்குப் போனார். தொண்ணூறுகளில் ஆவடி ஸ்டேஷனில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கையில் டிபன் டப்பாவோடு ஓட்டமும் நடையுமாக. அந்தப் பக்கம் வேலை இருந்தால் நான் அவர்கள் வீட்டுக்கும் போவேன். செருப்பைக் கழற்றும்போதே அந்தம்மாவிடம் முதல் வார்த்தையாகக் கேட்பேன்.

“வந்துட்டாராம்மா?”

“இன்னும் இல்லப்பா. உள்ள வா, உக்காரு” என்பார்.